சால்மனும் காலாவும்

அன்புள்ள ஐயா,

அலாஸ்காவில் சிறு படகுகளில் சால்மன் பிடிப்பவர்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆறு வாரம் கடலில் கிடந்து ஒரு வருடத்துக்கான பணத்தை எடுத்துவிடுகிறார்கள் என்பது வியப்பாக இருந்தது. என் அம்மாவின் ஊர் திசையன்விளை. சிறுவயதில் உவரிக்குப் போய் வள்ளங்கள் கரையேறுவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்கள் வருடம் முழுவதும் கடலுக்குப் போகிறார்கள், கையில் காசு நிற்பதில்லை. நம்மவர்களிடம் திட்டமிடல் இல்லை என்பதுதானே காரணம்? இன்னொரு சின்னச் சந்தேகம். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் ‘இந்தியன் சால்மன்’ என்று எழுதி வைத்து மீன் விற்கிறார்கள். நீங்கள் எழுதிய மீன்தானா அது?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

சின்னச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். அது காலா. நம் கரையில் தாத்தா காலத்திலிருந்து காலாதான். ஆங்கிலத்தில் எப்படியோ அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, கடைக்காரருக்கும் அது வசதியாகிவிட்டது. சால்மனுக்கும் அதற்கும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அடுத்த முறை கடையில் மீனைத் திருப்பிப் பாருங்கள். மார்புத் துடுப்புக்குக் கீழே நாலு நூல் தொங்கும். மூக்கு வாயைத் தாண்டி முன்னால் நீண்டிருக்கும். கண்மேல் கண்ணாடித்தாள் ஒட்டியது போல ஒரு சவ்வு. கலங்கல் தண்ணீரில் அந்த நூல்களால் தடவித் தடவி இரை தேடுகிற மீன் அது. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கிறதே, அதைப் போன்ற கழிமுகக் கலங்கல்தான் அதற்குப் பிடித்த இடம். இன்னொரு விசித்திரமும் உண்டு. காலா முதலில் ஆணாகப் பருவமடைந்து, வளர வளரப் பெண்ணாக மாறிவிடும். பெரிய மீனாகப் பார்த்து வாங்குகிறவர் பெரும்பாலும் பெண்மீனைத்தான் வாங்குகிறார். சதை வெள்ளை. சால்மனின் செம்மஞ்சள் நிறத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளரும் மீன். பிறந்த ஆற்றையே தேடித் திரும்பி வந்து, முட்டையிட்டுவிட்டு அங்கேயே செத்துப்போகும். பசிபிக் கடலின் சால்மன்களுக்கு அதுதான் விதி. நம் தாமிரபரணியில் இதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். ஸ்ரீவைகுண்டம் தொடங்கிப் பாபநாசம் பக்கம் வரை எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கும்போது அது எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ‘திட்டமிடல் இல்லை’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்தால் தவறு என்னுடையதுதான். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் அவர்கள் படும் பாட்டை எழுதிய நான், அந்தப் பாடு எதனால் பணமாகிறது என்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

அங்கே மீன் வரும் வழியும் தெரியும், வரும் நாளும் ஏறக்குறைய தெரியும். ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முடிவதற்குள் சாக்கை என்ற வகைச் சால்மன் கூட்டம் கூட்டமாக ஆறுகளுக்குள் நுழையும். ஆற்றங்கரையில் கோபுரம் போட்டு அரசு ஆள் ஒருவர் மேலே நிற்பார். ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம், தெளிந்த தண்ணீரில் ஏறிப்போகும் மீனை எண்ணுவார். முட்டையிடப் போதுமான மீன் மேலே போகிறது என்று தெரிந்தால்தான் கீழே கடலில் வலை போட அனுமதி. படகுக்காரர்கள் அந்த அறிவிப்புக்காக ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பார்கள். படகு 32 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. வலை 150 பாகம். ஆமாம், அவர்கள் கணக்கும் இரு கையை விரித்த அதே ஆறடிப் பாகம்தான். 1973-இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, ஏற்கெனவே உள்ள அனுமதிச் சீட்டு ஒன்று கையில் இல்லாமல் புதிதாக யாரும் நுழைய முடியாது. மிதவலை போடும் படகுகளுக்கு 1,800-க்கும் சற்று மேல்தான் அனுமதிச் சீட்டுகள். ஒன்றை விலைக்கு வாங்க லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. அந்தக் கடனையும் சேர்த்துத்தான் ‘ஆறு வாரத்தில் ஒரு வருடத்துப் பணம்’. குளிர்காலத்தில் பலர் தச்சு வேலைக்கோ பள்ளிக்கூட வேலைக்கோ போகிறார்கள்.

நம் கடலில் யார் எந்தக் கோபுரத்தில் நின்று எதை எண்ணுவது? கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தன்குழி, உவரி, கூட்டப்பனை, கூடுதாழை என்று நீளும் இந்தக் கரையில் ஒரே வலையில் சாளையும் வரும், பாறை மீனும் வரும், விளைமீனும் வரும், ஒன்றும் வராமலும் போகும். எதுவும் ஒரு வாசல் வழியாக வரிசையில் வருவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு புரட்டாசியில், எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் வள்ளத்தில் போனேன். வயது அறுபதைத் தாண்டியவர். இரவு இரண்டரை மணிக்குக் கரையில் நின்றோம். துறைமுகம் கிடையாது, மணலிலிருந்து நேராக அலைக்குள் தள்ள வேண்டும். நாலு பேரும் வள்ளத்தில் கை வைத்தபடி அசையாமல் நிற்கிறார்கள். அண்ணாச்சி இருட்டைப் பார்த்து நிற்கிறார். பெரிய அலைகள் வரிசையாக வந்து உடைந்து ஒரு சின்ன ஓய்வு வருமே, அதற்குத்தான். வந்ததும் ஒரு சத்தம், ஒரே தள்ளு, இன்ஜின் உறுமியது. எனக்கு முழங்கால் வரை நனைந்து ஒரு செருப்பு போய்விட்டது.

உள்ளே போய் கோயில் விளக்கையும் இன்னொரு வெளிச்சத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து இடத்தைக் குறித்தார். அதைக் கணியம் என்பார்கள். ஜிபிஎஸ் கருவியும் வைத்திருந்தார். ஆனால் அதைப் பார்த்தது கணியம் சரியா என்று சோதிக்க மட்டுமே! பிறகு நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வலையை விட்டார்கள்.

விடிந்து வலையை வாங்கியபோது கொஞ்சம் பாறை, நாலைந்து விளைமீன், ஒரு திருக்கை, இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரே ஒரு காலா. அந்தக் காலாவை அண்ணாச்சி எடுத்த விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். தங்கூசி என்னும் நைலான் இழை வலையின் கண் செவுளுக்குப் பின்னால் இறுகியிருந்தது. அந்த நாலு நூலும் அடுத்த கண்களில் பின்னிக்கொண்டிருந்தன. இழுத்தால் மீன் கிழியும், விலை போய்விடும். இடது கைப் பெருவிரலால் செவுள் மூடியைத் தூக்கினார். வலது கைச் சுட்டுவிரல் நகத்தால் நூல் நூலாக விடுவித்தார். அந்த நகம் தேய்ந்து பாதியாக இருந்தது. பிரிஸ்டல் விரிகுடாவில் இதற்கென்றே கைப்பிடி வைத்த கொக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியும் சீசன் முடிவதற்குள் விரல் மடங்காமல் வீங்கிவிடும்.

கரைக்கு வந்ததும் ஏலம். மணலில் மீனைக் கொட்டி, ஏலக்காரர் கூவி, ஒரு நிமிடத்தில் விலை முடிந்தது. ஏலக்காரருக்குக் கமிஷன். எண்ணெய்ச் செலவு கழித்து மிச்சத்தில் பாதி வள்ளத்துக்கும் வலைக்கும், பாதி ஆட்களுக்கு. அன்று ஆளுக்கு 320 ரூபாய் வந்தது. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மீனை வேறு ஆளிடம் கொடுக்க முடியாது. காசு நிற்காததற்குக் காரணம் தேடுகிறீர்களே, அதில் பாதி இந்த முன்பணத்தில் இருக்கிறது. மீதி கச்சான் என்னும் மேல்காற்றில் இருக்கிறது. ஆனி, ஆடியில் அலை ஏறினால் வள்ளம் நாள்கணக்கில் மணலில் கிடக்கும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவைக் கட்டித்தரச் சொல்லி மக்கள் கேட்பது அதனால்தான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை இருக்கிறது. நாட்டுப் படகுக்குத் தடை போடுவது காற்றுதான், அதற்குத் தேதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று அவர்களாகவே நிறுத்திக்கொள்ளும் ஒரு நாள் தனி.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் அண்ணாச்சி மேல். அவர் மீனுக்கு என்ன விலை என்று அவர் கண்முன் தெரிந்துவிடுகிறது. அலாஸ்காவில் பல சமயம் மீனைக் கொடுத்து முடித்த பிறகுதான் விலை தெரியும். 2022-இல் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு ஏறக்குறைய 7 கோடியே 90 லட்சம் சாக்கை வந்தது, அதுவரை காணாத அளவு. பவுண்டுக்கு 1.15 டாலர் அடிப்படை விலை. அடுத்த வருடம் அதே மீனுக்கு 50 சென்ட் என்று அறிவிப்பு வந்தது. படகுக்காரர்கள் கொதித்துப்போய்ப் போராடினார்கள். எண்ணியவரும் சரியாக எண்ணினார், மீனும் வந்தது, திட்டமும் இருந்தது. விலையைச் சொல்லும் வாய் மட்டும் வேறு இடத்தில் இருந்தது. 1951 வரை அந்த விரிகுடாவில் இன்ஜின் வைக்கவே அனுமதி இல்லை. பதப்படுத்தும் ஆலைகளுக்குச் சொந்தமான பாய்மரப் படகுகளில்தான் மீன் பிடித்தார்கள். முன்பணக் கதை அங்கும் பழையதுதான்.

அண்ணாச்சியிடம் அந்த எண்ணும் கோபுரத்தைப் பற்றிச் சொன்னேன். வலையை மடித்துக்கொண்டே கேட்டார். “மணிக்குப் பத்து நிமிடமா? மிச்ச ஐம்பது நிமிடம்?”

பத்தை ஆறால் பெருக்கிக்கொள்வார்கள் என்றேன்.

“நானும் அப்படிப் பெருக்கிப் பார்த்திருக்கிறேன் தம்பி” என்றார்.

அந்தக் கடைக்கு மறுபடி போனால் ‘காலா என்ன விலை’ என்று கேட்டுப் பாருங்கள். சால்மன் விலையிலிருந்து இறங்குகிறாரா என்று எழுதுங்கள்.