கடை இல்லாமல் வாட்ஸ்அப்பில் சேலை வியாபாரம் எப்படி நடக்கிறது?

கடையும் இல்லை, சரக்கும் இல்லை, பிறகு எப்படி விற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேலம் பக்கம் இளம்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். சேலைகளுக்குப் பேர்போன ஊர். உற்பத்தியாளர் புது டிசைன் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ரீசெல்லர்கள், அதாவது அதை மறுவிற்பனை செய்பவர்கள், இதில் வீட்டிலிருந்தபடி செய்யும் பெண்கள் நிறைய, தங்கள் லாபத்தைச் சேர்த்து அதே படத்தை ஸ்டேட்டஸில் வைப்பார்கள். வாடிக்கையாளர் ஜிபேயில் பணம் அனுப்பிய பிறகுதான் உற்பத்தியாளருக்கு ஆர்டர் போகும். பார்சல் அங்கிருந்தே நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கு, அதுவும் ரீசெல்லர் பெயரில். முதல் போடவேண்டியதில்லை, சரக்கும் தேங்காது. பேரம்கூட வாய்ஸ் மெசேஜில் முடிந்துவிடும்.

வியாபாரிகளுக்கென 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இப்போது பொருட்களைப் படத்தோடு பட்டியலிடும் கேட்டலாக் வசதியும் உண்டு. சரி, சிக்கல் எங்கே? படத்தில் பார்த்த நிறம் நேரில் மாறியிருந்தால் திட்டு வாங்குவது ரீசெல்லர்தான். நெய்தவர் யாரென்றே வாங்கியவருக்குத் தெரியாது.