கிடங்கை மாற்றினால் கடன் அடையுமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலிருந்தபடி ஷாப்பி, லசாடா ஆகிய இணைய விற்பனைத் தளங்களில் பெண்பிள்ளைகளுக்கான பாவாடை சட்டை விற்கிறேன். பகலில் வேலை, இரவில் பொட்டலம் கட்டுவது. அனுப்பத் தாமதமானால் தண்டப்புள்ளி விழுகிறது. மாதம் 40 உருப்படி போகிறது. வீட்டின் பாம் ஷெல்டரில் (பதுங்கு அறை) 600 கிடக்கிறது. திருப்பூரிலிருந்து சரக்கு அனுப்புபவர் கணவரின் அண்ணன். ஒவ்வொரு முறையும் முன்பணம் கேட்பார். கடன்பற்று அட்டையில் எடுத்துக் கொடுத்து, நிலுவை 14,000 வெள்ளி ஆகிவிட்டது. சரக்கைத் தளத்தின் கிடங்கில் வைத்து அவர்களே அனுப்பும் முறைக்கு மாறலாமா? விலை, விளம்பரம் எல்லாவற்றையும் தளமே பார்க்கும் ‘முழு மேலாண்மை’ முறைதான் சிறந்தது என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எது லாபம்?

பதில்: கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் கிடங்கைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, கடனைப் பற்றி ஒரே வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். விற்கும் விலை 40 வெள்ளி. இங்கே வந்து சேரும்போது அடக்கவிலை 19. இறக்குமதிக்குக் கட்டிய 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அதில் அடக்கம். வரிக்குப் பதிவு செய்யாத சிறு விற்பனையாளர் என்பதால் அதைத் திரும்பப் பெற முடியாது. தளத்துக்கான கட்டணங்கள் 6, உறையும் விளம்பரமும் 3. கையில் நிற்பது 12. மாதம் 40 உருப்படிக்கு 480 வெள்ளி.

அட்டை வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காடு என்றால் 14,000-க்கு மாதம் சுமார் 300. அதாவது மாதத்தில் முதல் 25 பாவாடையை வங்கிக்காக விற்கிறீர்கள். மிஞ்சுவது 180.

சரி, கிடங்குக்குப் போனால்? எடுத்து, கட்டி அனுப்ப உருப்படிக்கு இரண்டரை வெள்ளி என்று வைத்தாலும் 100 வெள்ளி போய்விடும். இரவுத் தூக்கம் திரும்பக் கிடைக்கும், அதற்கு 100 வெள்ளி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கிடங்கு வேகமாக ஓடும் சரக்குக்குத்தான் ஏற்றது. உங்கள் 600 உருப்படி இந்த வேகத்தில் தீர 15 மாதம் ஆகும். நான்கு முதல் ஆறு வயது அளவுகள்தான் போகின்றன, பெரிய அளவுகள் தீபாவளிக்குத்தான் நகர்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேங்கும் சரக்குக்குக் கிடங்கில் வாடகை உண்டு, திரும்ப எடுத்துவரவும் செலவு உண்டு. பாம் ஷெல்டர் வாடகை கேட்பதில்லை.

முழு மேலாண்மையில் நீங்கள் கடைக்காரரே இல்லை, சரக்குக் கொடுப்பவர். விலை தளம் வைப்பது. தெமு போன்ற தளங்கள் இதைச் சீனத் தொழிற்சாலைகளை நம்பி வளர்த்தன. தைக்கிறவருக்கு ஒரு உருப்படியில் இரண்டு வெள்ளி நின்றாலும் ஆயிரக்கணக்கில் போனால் கட்டுப்படியாகும். உங்களிடம் தளம் 22 வெள்ளிக்கு எடுத்தால் 3 நிற்கும். 100 விற்றால் வட்டி கட்டலாம், அவ்வளவுதான். இந்த முறை யாருக்காவது பொருந்தும் என்றால், தயாரிக்கும் இடத்தில் இருக்கும் உங்கள் மூத்தாருக்குத்தான். வகுப்பு நடத்துபவருக்கு இதையெல்லாம் சொல்ல நேரம் இருந்திருக்காது.

எந்த முறைக்கு மாறினாலும் மூத்தாருடைய அடுத்த சரக்குக் கட்டு உங்கள் அட்டையில்தான் வந்து இறங்கும். அங்கே தைத்து முடித்ததுமே அவருக்குக் காசு வந்துவிடுகிறது. விற்காமல் போகும் கவலை முழுதும் உங்கள் தலையில். இனி முன்பணம் கிடையாது, விற்ற பிறகுதான் பணம், அளவுகளையும் நான்தான் சொல்வேன் என்று தெரிவித்துவிடுங்கள். நீங்கள் பேசினால் மனஸ்தாபம் வரும். உங்கள் கணவர் பேசட்டும், அவருடைய அண்ணன்தானே. 600 உருப்படி கையில் இருக்கும்போது இப்போதைக்குப் புதுச்சரக்கு தேவையும் இல்லை.

அட்டை நிலுவையை வங்கியின் தவணைக் கடனாக மாற்றிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் வட்டியைப் பார்க்காமல் நடைமுறை வட்டி, அதாவது கட்டணமெல்லாம் சேர்த்து உண்மையில் விழும் வட்டி, எவ்வளவு என்று கேளுங்கள். அது 8 விழுக்காடாக அமைந்தாலே முதல் மாத வட்டி 95 வெள்ளிக்குள் அடங்கும். மாற்றிய பிறகு அட்டையை மறுபடி தேய்க்கக் கூடாது, அப்புறம் இரண்டு கடனாகிவிடும். தளங்கள் நீட்டும் ‘விற்பனையாளர் கடன்’ வேண்டாம். உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவர்கள் பக்கமும் போகாதீர்கள். மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்க அவர்களுக்குச் சட்டமே இடம் தருகிறது.

இன்னொன்று. விற்ற பணத்தைத் தளத்தின் கணக்கிலேயே விட்டுவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2024-இல் கியூடென் (Qoo10) என்ற இணைய விற்பனைத் தளத்தின் விற்பனையாளர்களுக்குப் பணம் வராமல் போய், சிங்கப்பூர் நாணய ஆணையம் அதன் கட்டணச் சேவையை நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும். வாரம் ஒருமுறை வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

கிடங்கு ஆசை இன்னும் இருந்தால் நான்கு முதல் ஆறு வயது அளவில் 60 உருப்படி மட்டும் அனுப்பிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் தீர்ந்தால் இன்னொரு 60. பெரிய அளவுகளை மட்டும் தீபாவளிக்கு முன்பே விலை குறைத்துத் தள்ளிவிடுங்கள், 25 வெள்ளிக்குப் போனாலும் சரி.