கருப்புப் புகை: முதலில் மிக்சர் ஸ்க்ரூவிலிருந்து கையை எடுங்கள்

கேள்வி: அண்ணே, எங்க அப்பா 2003-ல வாங்கின ஸ்பிளெண்டர் இப்ப என் கையில. தினமும் மேலூர்ல இருந்து மாட்டுத்தாவணிக்கு வேலைக்குப் போறேன். லிட்டருக்கு 60-க்கு மேல கொடுத்த வண்டி இப்ப 40-ஐத் தாண்டல. காலையில சோக் போடாமலே ஒரே உதை. ஆனா டீக்கடையில நிறுத்திட்டு எடுத்தா பத்து உதை. கருப்புப் புகை, ரெண்டு மாசத்துல மூணு பிளக், காலையில வண்டி பக்கத்துல பெட்ரோல் வாடை. கொடைக்கானல் போனப்ப பெருமாள்மலை தாண்டினதும் இழுக்கவே இல்ல. மூணு மெக்கானிக் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்துட்டாங்க, ஒருத்தர் பெட்ரோல் அளந்து வர்ற ஜெட் துளையை ஊக்கு விட்டுக் குத்தியும் பார்த்தார். கார்புரேட்டரையே மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. பாதி வியாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால்தான் சோக் போட்டு, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தருகிறோம். உங்கள் வண்டி சோக் இல்லாமலே அந்தக் கூடுதலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் சமத்தாகக் கிளம்புவது அதனால்தான். சூடான பிறகு அதே கூடுதல் பிளக்கை நனைத்துவிடுகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட பெட்ரோலையே விடும். ஏற்கெனவே மிகுதியாகக் குடிக்கிற வண்டிக்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

சாதாரணப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. காற்று குறைந்தாலும் கருப்புப் புகைதான், பெட்ரோல் கூடினாலும் கருப்புப் புகைதான். மூன்று பேரும் ஸ்க்ரூவைத் திருகியதில் ஆச்சரியமில்லை, வெளியே தெரிவது அது ஒன்றுதானே. ஆனால் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஐடிலிங்கோடும், ஆக்சிலேட்டரை லேசாகத் திறக்கும் வரைக்கும்தான். அதற்கு மேல், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி. முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட். எல்லா வேகத்திலும் புகை வருகிற வண்டியை ஸ்க்ரூவால் சரிசெய்ய முடியாது.

வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். சோக் லிவர் முழுசாகத் திரும்பி வருகிறதா, பாதியில் நிற்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். அடுத்து ஏர் பில்டர். மேலூர் பக்கம் கிரானைட் தூசி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பில்டரைக் கழற்றிவிட்டு வீட்டு முன்னாலேயே ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இன்ஜின் தெளிந்தால் பெட்ரோல் மிகுதி என்பது உறுதி. புது பில்டர் போட்டும் அந்தத் தெளிவு நிலைத்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் கோளாறு உள்ளே. பில்டர் இல்லாமல் ரோட்டில் மட்டும் ஓட்டாதீர்கள், அந்தத் தூசி சிலிண்டரைத் தின்றுவிடும்.

இனி எனக்குப் பிடித்த சோதனை. வண்டியைச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்தபடி காத்திருங்கள். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க, தடதடத்துக்கொண்டிருந்த இன்ஜின் அணைவதற்குச் சற்று முன்னால் சீராகி, சத்தம் கணீரென்று ஆகிறதா கேளுங்கள். அப்படி ஆகிறது என்றால், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயரமாக நிற்கிறது என்பதே என் முதல் சந்தேகம். காலை வாடையும் அதற்கே சாட்சி. இரவு டேப்பைத் திறந்தே வைத்து, கார்புரேட்டருக்கு நேர் கீழே ஓர் அட்டையைப் போட்டுவிட்டுப் படுங்கள். விடிந்து பார்த்தால் ஓவர்புளோ டியூப் சொட்டிய கறை இருக்கும். பக்கத்தில் விளக்கோ பீடியோ வேண்டாம்.

மட்டத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். குளுக்கோஸ் ஏற்றும் டியூபில் ஒரு முழம் எடுத்து, கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் வாயில் சொருகி, மேல்நோக்கிக் கார்புரேட்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். டியூபில் நிற்கும் மட்டம்தான் உள்ளே இருக்கும் மட்டம். கிண்ணமும் உடலும் சேரும் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ கழற்றுங்கள்.

கழற்றியதும், கிண்ணம் நிறைந்தால் ப்ளோட் (மிதவை) மேலே தள்ளிப் பெட்ரோல் வழியை அடைக்கும் ப்ளோட் ஊசியின் ரப்பர் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். சுற்றிலும் மோதிரம் போட்ட மாதிரி ஒரு பள்ளம் விழுந்து, நகத்தில் தட்டுப்பட்டால் அது போய்விட்டது. புது ஊசி போட்டு, ப்ளோட்டை மாட்டி, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான டியூப் வைத்து ஊதுங்கள். காற்று துளியும் போகக் கூடாது. போனால் ஊசி உட்காரும் இடத்தில் குப்பை, அல்லது தேய்மானம். ஒருமுறை ஒரு பழைய வண்டிக்கு இரண்டு ஊசி மாற்றிவிட்டு நான் முழித்தேன். கடைசியில் ப்ளோட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலத்தது. ஓட்டை ப்ளோட் எங்கே மிதக்கும்! சுடுதண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும்.

ஊக்கு விஷயம்தான் எனக்கு வருத்தம். ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பித்தளை மெத்தென்றது, எஃகு ஊக்கு குத்தினால் துளை பெரிதாகிவிடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் அந்த ஜெட் கூடுதலாகவே விடும். வண்டிக்குரிய நம்பரிலேயே பைலட் (ஐடிலிங்குக்கானது), மெயின் ஜெட் இரண்டையும் புதிதாக வாங்கிப் போடுங்கள். "பெரிய ஜெட் போட்டா பிக்கப் வரும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். இனி அடைத்தால் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் புகை வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் ஆக்சிஜன் பங்கு கூடத்தான் செய்யும்; கருப்புப் புகைக்கு அதைப் பழிக்க முடியாது. பழைய ரப்பரை அது ஊதிப் பெருக்கும் என்பது வேறு கதை. அதனால் ஓ-ரிங், கேஸ்கெட்டையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

மறக்காமல் இன்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். கிண்ணம் நிரம்பி வழிந்த வண்டியில் பெட்ரோல் ஆயிலிலும் இறங்கியிருக்கலாம். பெட்ரோல் வாடையோ, தண்ணீர் போல் இளகலோ, மட்டம் ஏறியோ இருந்தால் மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூ. இன்ஜின் சூட்டில், மெதுவாக உள்ளே உட்காரும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இன்ஜின் அதிகமாகச் சுற்றும் இடத்தில் விடுங்கள். ஸ்க்ரூ பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆள்வது, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர் தலைகீழ். பிறகு புது பிளக் போட்டு, ஒத்தக்கடை வரை ஒரே வேகத்தில் போய், கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். சிக்னலில் நின்று வந்த பிளக் கருத்துத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள். செங்கல் நிறம் வந்தால் சரி. காய்ந்த கரி விரலில் ஒட்டினால் இன்னும் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அது பிஸ்டன் ரிங் வேலை, கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். கொடைக்கானலில் அப்போதும் கொஞ்சம் மந்தமாகத்தான் இழுக்கும். அதற்காக எதையும் திருகாதீர்கள், வத்தலக்குண்டு இறங்கியதும் பழையபடி ஓடும்.