சின்ன உணவகத்தில் பீர், ஒயின் பரிமாற உரிமம் கிடைக்குமா? வாசகர் கேள்வி பதில்

உணவகம் நடத்துவோர் அனுப்பிய கடிதங்களில் இந்த முறை பாதிக்கு மேல் மது உரிமம் பற்றியவை. அவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: வளசரவாக்கத்தில் 40 பேர் உட்காரும் உணவகம் நடத்துகிறேன். பிரியாணியும் கிரில் வகைகளும்தான் பிரதானம். பீர், ஒயின் மட்டும் பரிமாற விரும்பி மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டேன். "அது எங்கள் வேலை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஏஜென்ட் ஒருவர் எப்.எல்.3 என்ற மது உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்லி பாதிப் பணத்தை முன்னால் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கடை இப்போது இருக்கும் நிலையில் எந்த ஏஜென்டாலும் அந்த உரிமத்தை வாங்கித் தர முடியாது.

மாநகராட்சியில் சொன்னது சரிதான். அவர்கள் தருவது தொழில் உரிமம். மார்ச் 31-க்குள் அதைப் புதுப்பிப்பதோடு அவர்கள் பங்கு முடிந்தது. மது உரிமம் மாநில அரசின் அதிகாரம். சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையரகம்தான் அதைக் கையாள்கிறது.

அங்கே போனாலும் உங்களுக்குப் பொருந்தும் விண்ணப்பம் கிடைக்காது. தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். அதன்படி மது வைத்திருப்பதும் விற்பதும் பரிமாறுவதும் எல்லோருக்கும் தடை. யாருக்கெல்லாம் விலக்கு என்பதை 1981-ஆம் ஆண்டின் மதுபானம் (உரிமம் மற்றும் அனுமதி) விதிகள் வகை பிரித்துச் சொல்கின்றன. எப்.எல்.2 உறுப்பினர் கிளப்புகளுக்கு. எப்.எல்.3 நட்சத்திர ஹோட்டல்களுக்கு. எப்.எல்.3ஏ தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டல்களுக்கு. தங்கும் அறை இல்லாத தனி உணவகம் என்று ஒரு வகையே அந்தப் பட்டியலில் கிடையாது. பீருக்கும் ஒயினுக்கும் மட்டுமான குறைந்த கட்டண உரிமம் என்று உணவகங்களுக்கு எதுவும் இல்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மகாராஷ்டிரத்தில் எப்.எல். 3 என்பது உணவகத்தோடு சேர்ந்த 'பெர்மிட் ரூம்', அதாவது பார் உரிமம். கர்நாடகத்தில் சி.எல். 9 என்பது உணவகத்தோடு சேர்ந்த பாருக்கான உரிமம். இணையத்தில் உலவும் "உணவகத்துக்கு மது உரிமம் பெறுவது எப்படி" குறிப்புகள் பெரும்பாலும் அந்த மாநிலங்களை வைத்து எழுதப்பட்டவை. எண் ஒன்றாக இருப்பதால் ஏஜென்ட் சொல்வது உண்மைபோல் தெரிகிறது. இங்கே எப்.எல்.3 கேட்டால் முதலில் ஹோட்டலுக்கு நட்சத்திரத் தகுதி வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டில் ஒரு நட்சத்திரத்துக்கே குறைந்தது 10 வாடகை அறைகள் இருக்க வேண்டும். உங்கள் 40 இருக்கைகளை 400 ஆக்கினாலும் அறை இல்லாமல் அந்தக் கதவு திறக்காது.

ஏஜென்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "1981 விதிகளில் எந்த வகையின் கீழ் என் கடைக்கு விண்ணப்பம் போடுகிறீர்கள்? எழுதிக் கொடுங்கள்." பேச்சு அதோடு நின்றுவிடும்.

கேள்வி: என் கடை இருக்கும் ஆற்காடு சாலை மாநில நெடுஞ்சாலை என்பதால்தான் உரிமம் இல்லை, உள்தெருவுக்கு மாறினால் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: தவறு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று உத்தரவிட்டது. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமம் பெற்ற இடங்களுக்கு அது தடை அல்ல என்று 2017 ஜூலையில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உங்களுக்குத் தடை சாலை அல்ல, கடையின் வகை. இதை நம்பி இடம் மாறினால் அட்வான்சும் உள்அலங்காரச் செலவும் வீண்.

கேள்வி: கோடம்பாக்கத்தில் ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டலின் தரைத்தளத்தை உணவகத்துக்கு வாடகைக்குத் தருகிறார்கள். மேலே அவர்களுக்கு பார் உண்டு. "எங்கள் லைசென்ஸ் கட்டடம் முழுவதற்கும் செல்லும், நீங்களும் பரிமாறலாம்" என்கிறார் உரிமையாளர். நம்பலாமா?

பதில்: வழி இதுதான், ஆனால் சொன்ன விதத்தில் நம்பாதீர்கள். சென்னையில் மது பரிமாறும் நல்ல உணவகங்கள் பலவும் ஏதோ ஒரு ஹோட்டல் கட்டடத்துக்குள் இருப்பதற்குக் காரணமே இந்தச் சட்டம்தான்.

உரிமம் என்பது ஹோட்டலின் பெயரில், அங்கீகரித்த வரைபடத்தில் குறித்த பகுதிக்கு மட்டும் செல்லும். மாடியில் உள்ள பாருக்கு வரைபடம் இருந்து, உங்கள் தரைத்தளம் அதில் இல்லையென்றால், அங்கே ஒரு கிளாஸ் பீர் வைப்பதும் உரிமம் இல்லாத கடையில் வைப்பதும் ஒன்றுதான். படிக்கட்டு வழியே டிரேயில் இறக்கிக் கொடுத்தாலும் நிலைமை மாறாது. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கு காகிதங்களை நேரில் பாருங்கள். முதலாவது, நடப்பு ஆண்டுக்குப் புதுப்பித்த உரிமம். உரிம ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். பழைய ஆண்டின் நகலைக் காட்டி "புதுப்பிக்கப் போட்டிருக்கிறோம்" என்றால் காத்திருங்கள். இரண்டாவது, நட்சத்திரச் சான்றிதழ். அது ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். அது காலாவதியானால் உரிமத்தின் அடிப்படையே ஆட்டம் காணும். மூன்றாவது, பரிமாறும் பகுதி குறித்த அங்கீகரித்த வரைபடம். அதில் உங்கள் மேசைகள் இருக்கும் இடம் எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான்காவது, உங்கள் பகுதியைச் சேர்க்க வேண்டியிருந்தால் அதற்கான ஆணை. விண்ணப்பம் போட்ட ரசீதை ஆணையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து பில். மனிதர் குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, மாநில வாட் வரிதான். உணவு உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில், மது ஹோட்டலின் பெயரில், இரண்டு தனிப் பில்லாகப் போக வேண்டும். சரக்கின் கொள்முதல், இருப்புப் பதிவேடு எல்லாம் ஹோட்டல் பெயரில்தான் இருக்கும். மது வருமானத்தில் உங்கள் பங்கு எந்த வடிவில் வரும் என்பதை வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே பில்லில் பிரியாணியும் விஸ்கியும் அடித்து மொத்தத்துக்கும் 5 சதவீதம் போட்டால் இரண்டு வரித்துறைகளிடமும் மாட்டிக்கொள்வீர்கள்.

21 வயதுக்குக் கீழ் யாருக்கும் பரிமாறக் கூடாது. திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் ராமலிங்கர் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகிய எட்டு நாளும் பார் மூடியிருக்க வேண்டும். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படியே. அந்த நாள்களில் உணவு மட்டும் விற்று வாடகை கட்டுபடியாகுமா என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் விற்கப் போவதில்லை. வாடிக்கையாளர் தானே வாங்கி வந்து எங்கள் மேசையில் குடித்தால்? கிளாசும் ஐஸும் மட்டும் தருவோம்.

பதில்: கூடாது. டாஸ்மாக்கில் முறையாக வாங்கிய பாட்டிலாக இருந்தாலும் அனுமதி இல்லாத பொது இடத்தில் குடிக்க வசதி செய்து கொடுப்பது குற்றம். "நாங்கள் விற்கவில்லை" என்ற பதில் நிற்காது. கிளாஸ், ஐஸ், சோடா கொடுத்ததே உங்களுக்கு எதிரான சாட்சி. 2024-இல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இங்கே மது அருந்தக் கூடாது என்று மேசையில் சிறு அட்டை வைத்து, ஊழியரிடமும் சொல்லி வையுங்கள். குளிர்பான பாட்டிலில் கலந்து எடுத்து வருபவர்களை முதலில் கவனிப்பது பரிமாறுபவர்தான்.

கேள்வி: ஒரு நாள் உரிமம் வாங்கி, என் உணவகத்தில் 50 பேர் பிறந்தநாள் விருந்துக்கு மட்டும் பரிமாறலாமா?

பதில்: முடியாது. 2023-இல் வந்த எப்.எல்.12 சிறப்பு உரிமம் முதலில் திருமண மண்டபங்களையும் சேர்த்துத்தான் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அந்தப் பகுதி நீக்கப்பட்டு, தேசிய, சர்வதேச மாநாடுகள், விளையாட்டுப் போட்டிகள் போன்றவற்றுக்கு என்று சுருங்கியது. குடும்ப விருந்துக்கு அது பொருந்தாது.

கேள்வி: அம்பத்தூரில் டாஸ்மாக் கடையோடு சேர்ந்த பாருக்கு டெண்டர் போடலாமா? சமையல் அனுபவம் இருக்கிறது.

பதில்: அது உணவகத் தொழில் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். பார் ஒப்பந்ததாரர் விற்பது தின்பண்டமும் தண்ணீரும்தான். மது விற்பது கடை மட்டுமே. கடை நேரமான நண்பகல் 12 முதல் இரவு 10 தாண்டி பாரில் பாட்டில் கைமாறினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். இட உரிமையாளரின் தடையின்மைச் சான்றும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் தேவை.

பெரிய ஆபத்து வேறு. கடை மூடினால் பாரும் போயிற்று. 2016-இல் 500, 2017-இல் 500, 2023 ஜூனில் 500 என்று கடைகள் மூடப்பட்டிருக்கின்றன. கடை அருகில் பள்ளி, கோயில் எவ்வளவு தூரம் என்று நீங்களே டேப் பிடித்துப் பாருங்கள். மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர் இடைவெளி வேண்டும். அந்தப் பகுதி மக்கள் ஏற்கெனவே மனு கொடுத்துக்கொண்டிருக்கும் கடை என்றால் விலகிவிடுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் கேக்கில் ரம், பாஸ்தா சாசில் ஒயின் சேர்க்கிறேன். சூட்டில் ஆல்கஹால் போய்விடும் அல்லவா?

பதில்: முழுதாகப் போகாது. அளந்து பார்த்த கணக்கு இருக்கிறது: 15 நிமிடம் கொதித்த பிறகும் சுமார் 40 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 25 சதவீதம். தீ மூட்டிக் காட்டும் 'பிளாம்பே'யில் முக்கால் பங்கு அப்படியே இருக்கும். ரம்மில் ஊறவைத்த பழம் போட்ட கேக்கைச் சுட்ட பிறகு மேலே மீண்டும் ரம் தடவினால் அந்த ரம் சூட்டையே பார்ப்பதில்லை. 2021-இல் கோவையில் மது கலந்த ஐஸ்கிரீம் விற்ற கடையை உணவுப் பாதுகாப்புத் துறை மூடியது நினைவிருக்கலாம். வியாபாரச் சமையலறை அலமாரியில் பாதி காலியான ரம் பாட்டில் இருப்பதே சோதனையில் பதில் சொல்ல முடியாத நிலை.

கேக்குக்கு ரம்முக்குப் பதில், உலர் திராட்சையைத் திக்கான கட்டன் தேநீரில் ஆரஞ்சுத் தோல், கிராம்பு போட்டு இரண்டு நாள் ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள். சாசில் 100 மி.லி. ஒயினுக்குப் பதில் 80 மி.லி. பன்னீர் திராட்சைச் சாறும் 15 மி.லி. வினிகரும் விட்டுப் பாதியாக வற்றவிடுங்கள். ரம் எசன்ஸ் வாங்கினால் லேபிளில் எத்தனால் இருக்கிறதா என்று படியுங்கள்.

கேள்வி: ஆல்கஹால் இல்லாத 0.0 பீர், தேநீரை நொதிக்க வைத்துச் செய்யும் கொம்புச்சா, பதநீர் ஆகியவற்றை விற்கத் தடை உண்டா?

பதில்: எடையில் அல்ல, கன அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அது மதுபானம். எனவே 0.0 பீரை உணவு உரிமத்தோடு விற்கலாம். ஆனால் கேன் மேசைக்கு வந்த பிறகே திறக்கட்டும். உள்ளேயே கிளாசில் ஊற்றிக் கொண்டுவந்தால் பக்கத்து மேசைக்காரர் பீர் என்றுதான் புகார் கொடுப்பார். கொள்முதல் பில்லைக் கல்லாவிலேயே வையுங்கள். பெயர்ப்பலகையில் 'பார்' வேண்டாம்.

கொம்புச்சாவில் உண்மையான கவனம் தேவை. அதில் உள்ள ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது, பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக்குகிறது. பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். மூடிய பாட்டிலில் பழச்சாறு விட்டு இரண்டாம் முறை நொதிக்க வைக்கும்போது காற்று இல்லை, சர்க்கரை இருக்கிறது; ஆல்கஹால் மட்டும் ஏறும். சென்னையின் மே மாத வெயிலில் வெளியே வைத்தால் 0.5-ஐ எளிதில் தாண்டும், பாட்டிலும் வெடிக்கும். நுரை பிடித்ததும் 4 டிகிரியில் வைத்து, சில நாளில் விற்றுவிடுங்கள். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டும் அளவை நம்பாதீர்கள், அமிலம் அதைக் குழப்பும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகரித்த ஆய்வகத்தில் ஒரு மாதிரி கொடுத்து அறிக்கை வாங்குங்கள். புதிதாக எடுத்ததைக் கொடுக்கக் கூடாது, நீங்கள் விற்கும் கடைசி நாளின் பாட்டிலையே கொடுங்கள்.

பதநீர் என்றால் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதா என்று இறக்குபவரிடமே கேளுங்கள். சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்ததும் முகர்ந்து, ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். புளிப்பும் நுரையும் தெரிந்தால் அன்றைய பதநீரை மெனுவிலிருந்து எடுத்துவிட்டுக் கொட்டிவிடுங்கள்.