ஒப்புக்குச் சப்பாணி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் ஊர்க் கல்லூரி அரங்கம் ஒன்றில் சிறுவர்களுக்கான உலகத் திரைப்பட விழா நடந்தது. பன்னிரண்டு வயதாகும் என் மகளை அழைத்துப் போனேன். நாங்கள் பார்த்தது 'தி வேர்ல்ட் ஆஃப் அஸ்' என்ற கொரியப் படம். சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடியது; பின்வரிசைப் பிள்ளைகள் பாதியிலேயே படிப்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். படம் முடிந்ததும் மைக்கை நீட்டி, "இந்தப் படத்திலிருந்து என்ன நீதி கற்றுக்கொண்டாய்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. திரும்பும்போது பஸ்ஸில், ஆட்டத்தைக் காட்டாமல் அந்தப் பெண்ணின் முகத்தையே ஏன் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இவை உண்மையிலேயே பிள்ளைகளுக்கான படங்கள்தானா, இல்லை பிள்ளைகளை வைத்துப் பெரியவர்களுக்கு எடுத்த படங்களா? விழாவில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் கனமான படங்களைக் காட்டினார்களாம். அடுத்த ஆண்டு அவற்றுக்கு அவளை அனுப்பலாமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

நீங்கள் சங்கடப்பட்டிருக்க வேண்டியதில்லை. அந்த அரங்கில் படத்தை ஒழுங்காகப் பார்த்தவர்களில் உங்கள் மகளும் ஒருத்தி என்று அவள் பஸ்ஸில் கேட்ட கேள்வியே சொல்கிறது. மைக்கை நீட்டியவர்கள் பார்த்தார்களா என்பதுதான் சந்தேகம்.

யூன் கா-உன் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது, 2016இல் வந்தது. தொடக்கத்தில் பள்ளி மைதானத்தில் பந்தால் அடித்து வெளியேற்றும் ஆட்டத்துக்கு அணி பிரிக்கிறார்கள். அணித்தலைவர்கள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது நம் காதில் மட்டும் விழுகிறது. கேமரா சன் என்ற சிறுமியின் முகத்தை விட்டு நகர்வதில்லை. அடுத்தது நம் பெயர்தான் என்று அந்த முகம் மலர்கிறது, வேறு பெயர் கேட்டதும் சற்றே சுருங்குகிறது, மறுபடியும் மலரப் பார்க்கிறது. ஆட்கள் தீர்ந்துகொண்டே வருகிறார்கள். கடைசியில், வேறு வழியில்லாமல், அவள்.

நம் ஊர்களில் உத்தி பிரிப்போம். ஏறக்குறைய ஒரே பலமுள்ள இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவன் பெயரைத்தான் கேட்பான். யாருக்கு எந்தப் பெயர் என்று அவனுக்குத் தெரியாது. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்பது இந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக எடுக்கப்பட்டவன் என்ற அவமானமே அதில் கிடையாது. ஜோடி கிடைக்காமல் ஒற்றையாக நிற்கும் பிள்ளைதான் ஒப்புக்குச் சப்பாணி. சிறுவயதில் பல சாயங்காலங்கள் நான் அந்தப் பதவியில் இருந்திருக்கிறேன். கொரியாவிலும் இப்படிச் சேர்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு பெயர் உண்டு: கக்டுகி. நறுக்கிய முள்ளங்கியில் போடும் கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயின் பெயர் அது. சன்னுக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

முகத்தையே ஏன் காட்டினார்கள் என்றால், ஆட்டத்தைக் காட்டியிருந்தால் நாமும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பந்தைத்தான் பார்த்திருப்போம். உங்கள் மகளுக்கு நீங்கள் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதில் தெரிந்துதான் அவள் கேட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

படத்தின் கொரியத் தலைப்பு ஒரே சொல். தமிழில் பெயர்க்கப் போனால் 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா என்று திகைத்து நிற்போம். கொரிய மொழியில் அந்த ஒரு சொல்லே இரண்டுக்கும் ஆகும்; ஆங்கிலத்திலும் அப்படியே. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள் என்று பிரித்து வைத்திருப்பவர்கள் நாம். கதை முழுக்க இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் நடக்கிறது. கோடை விடுமுறையில் சன்னும் புதிதாக வந்த ஜியாவும் 'நாம்' ஆகிறார்கள். காசித்தும்பைப் பூவை அரைத்து நகத்தில் வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள், நம் பிள்ளைகள் மருதாணி வைத்துக்கொள்வதுபோல. அப்புறம் ஜியா டியூஷனில் வேறு கூட்டத்தோடு சேர்கிறாள். சன் வீட்டில் டியூஷனுக்குப் பணம் இல்லை. சன்னை அவள் அம்மா கொஞ்சுவதைப் பார்த்து, பாட்டி வீட்டில் வளரும் ஜியாவுக்குத் தாங்கவில்லை. யாரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் பள்ளி திறக்கும்போது ஜியாவின் வாயில் 'நாங்கள்' வந்துவிடுகிறது.

இதில் என்ன நீதியைக் கறந்து மைக்கில் சொல்வது? ஔவையார் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் நீதி சொல்லவே எழுதினார், ஒரு வரியில் சொல்லி முடித்தும்விட்டார். ஒன்றரை மணி நேரம் ஒரு முகத்தின் பின்னாலேயே போகும் படத்தைப் பிழிந்து அதே ஒரு வரியை எடுக்கப் பார்ப்பது கரும்பைக் காயவைத்து விறகாக எரிப்பதுபோல.

பிள்ளைகளுக்கா, பெரியவர்களுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். பெர்லின் திரைப்பட விழாவில் 1978இல் சிறுவர்களுக்கென ஒரு பகுதி தொடங்கியபோது அதை 'ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆட்களுக்கான சினிமா' என்று அறிவித்தார்கள். குழந்தைகள் என்று சொல்லவில்லை, ஆட்கள் என்றார்கள். இன்று அந்தப் பிரிவின் பெயர் ஜெனரேஷன். சிறியவர்களுக்கு கேபிளஸ், பதினான்கு வயதிலிருந்து 14பிளஸ் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கென்றே எடுத்த படங்களை மட்டும்தான் போடுவது என்ற விதி அங்கே இல்லை. பிள்ளைகளின் கண் மட்டத்தில் நின்று பார்க்கும் படமா என்று பார்க்கிறார்கள். உங்கள் மகள் பார்த்த படம் 2016இல் கேபிளஸ் பிரிவில் திரையிடப்பட்டதுதான். அங்கே கண்ணாடிக் கரடி விருதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் நடுவர்களும் பிள்ளைகளே. கேபிளஸ் பிரிவில் 11 முதல் 14 வயது வரை உள்ளவர்கள். முந்தைய விழாவில் படம் பார்த்துவிட்டு அவர்கள் எழுதிக் கொடுத்த கேள்வித்தாளை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தாலியில் சலேர்னோ பக்கம் கிஃபோனி என்ற சிற்றூரில் 1971 முதல் நடக்கும் விழாவிலும் பிள்ளைகள்தான் நடுவர்கள். படம் யாருக்கானது என்ற கேள்வியைப் பெரியவர்கள் கூடி விவாதிப்பதைவிட இது மேலான வழி.

சப்டைட்டில் தொல்லைக்கும் பெர்லினில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேபிளஸ் படங்கள் ஓடும்போது ஒருவர் அரங்கில் உட்கார்ந்து, எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் ஜெர்மன் மொழியில் அப்போதைக்கப்போது வாசிப்பார். குரல் மாற்றி நடிப்பதெல்லாம் கிடையாது. மூலக் குரல் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் விழாக்காரர்களுக்கு இதில் பெரிய செலவொன்றும் இல்லை. தமிழில் எழுதிய ஒரு வசனப் பிரதி, ஒரு மைக், இரண்டு முறை ஒத்திகை பார்த்த ஓர் ஆசிரியை. நீதி கேட்க வாங்கிய மைக்கே போதும். வீட்டில் நீங்களே செய்து பாருங்கள். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' (1987) படத்தில் தொடங்கலாம். பக்கத்து இருக்கைப் பையனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட ஒரு சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்க அவன் வீட்டைத் தேடி ஓடுகிறான். கதை அவ்வளவுதான். பேச்சும் வேகமாக ஓடாது, மூச்சு வாங்காமல் வாசிக்கலாம்.

கனமான படங்களைப் பற்றி. 2019இல் பெர்லினின் 14பிளஸ் பிரிவில் சர்வதேச நடுவர் குழுவின் முதல் பரிசு 'ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்' என்ற கொரியப் படத்துக்குப் போனது. சிறப்புக் குறிப்பு, அசாமிலிருந்து வந்த ரீமா தாஸின் 'புல்புல் கேன் சிங்' படத்துக்கு. முதலாவது 1994இல் சியோலில் சொங்சு பாலம் இடிந்து விழுந்த ஆண்டில் நடக்கிறது. வீட்டில் அடியும் கூச்சலும் உண்டு. ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளை தாயோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்பது என் கணிப்பு. இரண்டாவதில், காதலிக்கும் வயதுப் பிள்ளைகளை ஊர்க்காரர்கள் பிடித்து அடிக்கிறார்கள், அதைத் தொடர்ந்து ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். நல்ல படம், மிக நல்ல படம். ஆனால் அடுத்த ஆண்டே வேண்டாம். நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். பார்த்தபின் இரண்டொரு நாள் அது உங்களுக்குள் என்ன செய்கிறது என்று கவனித்துவிட்டு முடிவெடுங்கள். இவ்வகைப் படங்களை 'வயதுக்கு வரும் படங்கள்' என்று சிலர் தமிழில் எழுதுவதைப் பார்க்கிறேன். நம்மிடம் அந்தச் சொல் பெண்ணை ஒரே நாளில் மணையில் உட்காரவைத்து, நீர் ஊற்றி, ஊருக்கு அறிவித்துவிடுகிறது. இந்தப் படங்களில் அது அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படம் எப்படி இருந்தது, என்ன புரிந்தது என்றெல்லாம் மகளைத் துருவ வேண்டாம். பேச்சு வந்தால் இதை மட்டும் கேளுங்கள். அந்த முதல் காட்சியில், கோட்டை மிதித்துவிட்டாய் என்று சொல்லி சன்னை வெளியே அனுப்புகிறார்களே, அவள் உண்மையில் மிதித்தாளா? கேமரா அப்போதும் முகத்தில்தான் இருக்கிறது, காலில் இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.