தேங்காய்த் தண்ணீர் வினிகரில் புளிப்பு இறங்குவது ஏன்?

நன்றாகப் புளித்த தேங்காய்த் தண்ணீர் வினிகர், துணி கட்டிய ஜாடியிலேயே விட்டதும் புளிப்பு இறங்கிவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் அசிட்டோபாக்டர், அதாவது ஆல்கஹாலை வினிகராக்கும் பாக்டீரியா, தன் அமிலத்தையே தின்றிருக்கும். இந்த பாக்டீரியா ஆல்கஹாலை செல்லுக்குள் இழுத்து வேலை செய்வதில்லை. உள்சவ்வின் வெளிப்பக்கம் இருக்கும் நொதிகள் அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி சவ்வில் எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் யூபிகுவினோன் என்ற மூலக்கூறிடம் கொடுக்க, கடைசியில்தான் ஆக்சிஜன் அவற்றை வாங்கித் தண்ணீராகிறது. ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடாகும், அப்புறம் அசிட்டிக் அமிலம். அவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் ஆல்கஹால் தீர்ந்ததும் அந்த அமிலத்தையே உள்ளே எடுத்து, கிரெப்ஸ் சுழற்சியில் (செல் உணவை எரித்து ஆற்றல் எடுக்கும் வினைத்தொடரில்) விட்டு, கரியமில வாயுவாக்கிவிடும்.

சரி, அடுத்த முறை புளிப்பு ஏறியதுமே மேலே மிதக்கும் ஏட்டை எடுத்து, வடிகட்டி, கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி இறுக மூடுங்கள். காற்று கிடைக்காவிட்டால் அதற்கு வேலை ஓடாது. இப்போது சப்பென்று இருப்பதை ஊறுகாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.