மண்டை எக்ஸ்ரேயில் கணினி சொல்லும் அளவை நம்பலாமா?

காரைக்குடியில் மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போடும் முன் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, கணினியில் கோடு போட்டு அளந்தார்கள், அந்த எண்கள் சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோணங்களைப் பெரும்பாலும் நம்பலாம். மில்லிமீட்டர் கணக்கில்தான் கவனம் வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் படம் பிடித்தால், ஒரு கல்லின் அளவு தெரிந்தால்தானே கூடத்தின் நீளத்தைச் சொல்ல முடியும்? எக்ஸ்ரேயும் அப்படித்தான். படத்தில் தலை சுமார் 10 சதவீதம் பெரிதாக விழும். அதனால் கூடவே பதிவாகும் உலோக அளவுகோலைக் காட்டி மென்பொருளுக்கு முதலில் அளவு சொல்லித்தர வேண்டும்.

1931-இல் பிராட்பென்ட் என்ற அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் இப்படி எக்ஸ்ரே எடுத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்புறம் பல காலம் டிரேசிங் தாளும் பென்சிலும்தான். இப்போது கோடு போடுவதையும் கணக்கையும் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் படத்தில் சில புள்ளிகளைக் குறிக்க வேண்டும். அவற்றில் செல்லா என்பது மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழியின் நடு. நேசியான், நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் இடம். இவ்விரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து மேல்தாடைக்கு உள்ள கோணம் இயல்பாகச் சுமார் 82 டிகிரி, கீழ்த்தாடைக்கு 80. வித்தியாசம் 2. அது கூடினால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கலாம், அல்லது மேல்தாடை முன்னால் வந்திருக்கலாம்.

புள்ளியைத் தப்பாக வைத்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. தானாகப் புள்ளி வைக்கும் மென்பொருள் என்றால், மருத்துவர் அவற்றைச் சரிபார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதானால், ஃபிலிமைக் கைபேசியில் சாய்வாகப் படமெடுத்து அனுப்பாதீர்கள், கோணமே மாறிவிடும். எக்ஸ்ரேயின் அசல் கணினி ஃபைலையே வாங்கி அனுப்புங்கள்.